வண்டி வராத சாலை

மலைப்பக்கம் சைக்கிள் ஓட்டுகிற யாரிடமாவது கனவுச் சாலை எது என்று கேட்டுப் பாருங்கள். ஏற்றம் பற்றிச் சொல்வார்கள், இறக்கம் பற்றிச் சொல்வார்கள், கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: வண்டி வராத சாலை. பின்னாலிருந்து ஹார்ன் அடிக்க ஆளில்லாத, புகை இல்லாத, இரண்டு பக்கமும் மரம் மட்டும் நிற்கிற ஒரு வழி.

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் இந்த ஆசைக்கென்றே ஒரு சைக்கிள் வகை சந்தையில் பெரிதாகிவிட்டது. கிராவல் பைக். தூரத்திலிருந்து பார்த்தால் ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கும், அதே வளைந்த ஹேண்டில்பார். கிட்டே போனால் டயர் நாற்பது, நாற்பத்தைந்து மில்லிமீட்டர் அகலம் இருக்கும். காற்றைக் கொஞ்சம் குறைவாக அடித்துக்கொண்டு சரளைக் கல் மேலேயே ஓட்டலாம். தார்ச் சாலையில் சுமாரான வேகத்தில் போகும், தார் முடிந்த பிறகும் நிற்காமல் போகும். அந்த 'பிறகு'தான் இதன் விற்பனை ரகசியம். எந்த விளம்பரப் படத்தை எடுத்தாலும் பனிமூட்டம், ஊசியிலைக் காடு, சரளைப் பாதை, அதில் ஒரே ஒரு ஆள்.

அந்த ஒரே ஒரு ஆள்தான் எனக்குப் பிரச்சினை. அவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் படத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்று யாரோ தீர்மானித்திருக்கிறார்கள். தமிழில் 'போக்குவரத்து' என்பது போவதும் வருவதும். யாரும் போகாமல் வராமல் ஒரு வழி சாலை ஆவதில்லை. அப்படியிருக்க, 'சாலை வேண்டும், ஆனால் அதில் மற்றவர்கள் போகவர வேண்டாம்' என்பது என்ன வகையான ஆசை? அமைதியை விரும்புவதா, அல்லது மற்றவர்களை விரும்பாததா? அமைதிக்கு ஆசைப்பட எனக்கு உரிமை உண்டு என்றால், அதற்கான விலையை யார் கொடுப்பது?

பொதுவாகப் பேசினால் இது அந்தரத்தில் தொங்கும். ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கு ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸ்வால்ட். பெயரை அப்படியே தமிழில் சொன்னால் கருங்காடு. வடக்கிலிருந்து தெற்காகச் சுமார் 160 கிலோமீட்டர் நீளம், உயரமான சிகரம் ஃபெல்ட்பெர்க் 1493 மீட்டர். கிராவல் ஓட்டுகிறவர்களுக்கு இது ஒரு சொர்க்கம். கார்ல்ஸ்ரூவில் உள்ளூர் ரயில் ஏறி, சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, முர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கினால் போதும். ஊரின் கடைசி வீடு தாண்டியதும் ஒரு தடுப்புக் கம்பி. அதற்கு அப்பால் மணிக்கணக்கில் ஒரு காரைக்கூடப் பார்க்காமல் ஓட்டலாம்.

*

அந்தத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் இருப்பது என்ன மாதிரியான சாலை என்று கவனித்துப் பார்த்தால் முதல் ஆச்சரியம் அங்கேயே காத்திருக்கிறது. இது ஒற்றையடிப் பாதை இல்லை. லாரி போகிற அகலம். உடைத்த கல்லைக் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கி, நடுவில் லேசாக உயர்த்தி, மழைநீர் இரண்டு பக்கமும் வழிந்து போக வாய்க்கால் வெட்டி, வளைவுகளில் நீளமான வண்டி திரும்ப இடம் விட்டு, கணக்குப் போட்டுக் கட்டிய சாலை. வடக்குப் பகுதியில் செம்மணற்கல் பூமி என்பதால் பாதை செந்நிறமாக இருக்கும். அங்கங்கே ஓரமாக வெட்டிய மரங்களை அடுக்கி, வெட்டு முகத்தில் ஸ்ப்ரே பெயின்டில் எண் எழுதி வைத்திருப்பார்கள். நாற்பது டன் லாரி வந்து அவற்றை அள்ளிப் போகும்.

சாலை அந்த லாரிக்காகப் போட்டது. சைக்கிள்காரனுக்காக யாரும் ஒரு கல்லைக்கூடக் கொட்டவில்லை. நாம் 'அமைதி' என்று சொல்வது இரண்டு லாரிகளுக்கு இடைப்பட்ட நேரம்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் காடே அப்படித்தான் என்று தெரிகிறது. பல நூற்றாண்டுகளாக இந்த மலையின் மரம் ஆற்று வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. முர்க், கின்ட்சிக் ஆறுகளில் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ரைன் நதிக்கு அனுப்பி, அங்கிருந்து ஹாலந்துக்குக் கொண்டுபோனார்கள். உயரமான ஃபர் மரங்களுக்கு 'ஹாலந்து மரம்' என்றே பெயர். கப்பலுக்கும், சதுப்பு மண்ணில் வீடு கட்ட அடியில் இறக்குகிற தூணுக்கும் அவை போயின. முர்க் பள்ளத்தாக்கில் இந்த வியாபாரம் செய்தவர்களின் கூட்டமைப்புக்கு 1488லேயே எழுதப்பட்ட விதிமுறை இருந்தது; அந்த அமைப்பு இன்றும் காட்டுக்குச் சொந்தக்காரராக இருக்கிறது. இது போதாதென்று கண்ணாடி உலைகள், கரி மூட்டம், சுரங்கம். 1800 வாக்கில் கருங்காட்டின் பெரும்பகுதி மொட்டையாகிவிட்டது. வில்ஹெல்ம் ஹவுஃப் 1820களில் எழுதிய 'குளிர்ந்த இதயம்' என்ற கதையின் பின்புலம் இதுதான். கரி மூட்டம் போடும் ஏழை இளைஞன் ஒருவன், ஹாலந்துக்கு மரம் ஓட்டும் பூதம் போன்ற ஒருவனிடம் தன் இதயத்தைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் கல் இதயத்தையும் பணத்தையும் வாங்கிக்கொள்கிறான். குழந்தைகளுக்கான கதையாகத்தான் இன்று படிக்கிறார்கள். அந்தக் காலத்து மரவியாபாரக் கணக்கேடு என்றும் படிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் நட்டார்கள். சீக்கிரம் வளரும், நேராக வளரும், நல்ல விலை போகும் என்பதால் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ். வரிசை வரிசையாக ஒரே வயது மரம். 1999 டிசம்பர் 26 அன்று லோதர் புயல் வந்தபோது அந்த வரிசைகள் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தன. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் சுமார் 3 கோடி கன மீட்டர் மரம் விழுந்தது.

கொங்குப் பக்கம் 'காட்டுக்குப் போறேன்' என்றால் தோட்டம் துரவுக்குப் போகிறேன் என்று அர்த்தம். புலி இருக்கிற காடு இல்லை, சோளம் விளைகிற காடு. கருங்காட்டை அந்தக் கொங்கு அர்த்தத்தில் 'காடு' என்று சொன்னால் ரொம்பச் சரியாக இருக்கும். எண்பது, நூறு வருடத்துக்கு ஒருமுறை அறுவடை நடக்கிற வயல். அதன் வரப்பில்தான் நாம் ஓட்டுகிறோம். இதில் ஏமாற்றமடைய ஒன்றுமில்லை. வரப்பில் நடக்கிறவனுக்கு வயல் யாருடையது, யார் உழைத்தது என்ற ஞாபகம் இருந்தால் போதும். 'தீண்டப்படாத இயற்கை' என்று இன்ஸ்டாகிராமில் எழுதும்போதுதான் அந்த ஞாபகம் போய்விடுகிறது.

*

சரி, வயல் யாருடையது? ஜெர்மனியின் காட்டுப் பரப்பில் ஏறக்குறைய பாதி தனியாருக்குச் சொந்தம். மீதி மாநில அரசுகள், ஊராட்சிகள், ஒன்றிய அரசு கையில். நம்மூர்ப் புத்தியில் யோசித்தால் அந்தப் பாதிக்கு முள்வேலி போட்டு, கேட் வைத்து, 'உள்ளே வராதே, நாய் ஜாக்கிரதை' என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி இல்லை. 1975ஆம் ஆண்டின் ஒன்றிய வனச் சட்டம் சொல்வது சுருக்கமானது: ஓய்வுக்காக யாரும் காட்டுக்குள் நுழையலாம். சைக்கிள் ஓட்டுவதென்றால் சாலையிலும் பாதையிலும் மட்டும். எல்லாம் அவரவர் பொறுப்பில். கிளை முறிந்து தலையில் விழுந்தால் அது காட்டின் இயல்பு. அனுமதிச் சீட்டு வேண்டாம், கட்டணம் வேண்டாம், குடியுரிமை கேட்க மாட்டார்கள். நேற்று விமானத்தில் வந்து இறங்கியவனுக்கும் ஐந்நூறு வருடமாக அங்கே வாழ்கிற குடும்பத்துக்கும் ஒரே உரிமை.

ஆனால் மோட்டார் வண்டியில் நுழைய முடியாது. காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும் தனி அனுமதி உள்ளவர்களுக்கும் மட்டும்தான் அது. ஊர் எல்லையில் இருக்கும் அந்தக் கம்பியின் மொத்த வேலையும் இதுதான். அது ஆளைப் பார்த்துத் தடுப்பதில்லை. எஞ்சினைப் பார்த்துத் தடுக்கிறது. குனிந்தோ, ஓரமாக நகர்ந்தோ போகிற எவரையும் அது விட்டுவிடும்.

இந்தச் சின்ன வித்தியாசத்தில் ஒரு பெரிய அறக் கொள்கை ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இவான் இல்லிச் 1974இல் வெளியிட்ட 'ஆற்றலும் சமத்துவமும்' என்ற சிறு நூலில் இதன் தத்துவத்தைச் சொல்லிவிட்டார். ஒரு சமூகத்தில் பயண வேகம் ஓர் அளவைத் தாண்டும்போது, வேகமாகப் போகிறவன் மிச்சப்படுத்துகிற நேரம் மெதுவாகப் போகிறவர்களிடமிருந்துதான் பறிக்கப்படுகிறது என்பது அவர் வாதம். அவர் குறிப்பிட்ட எல்லை மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர். கார் வாங்க, எண்ணெய் போட, பழுது பார்க்கச் சம்பாதிக்கிற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஓர் அமெரிக்கர் வருடத்துக்கு 1600 மணி நேரத்தைக் காருக்குக் கொடுத்து 7500 மைல் போகிறார், அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு என்றார். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

வேடிக்கையான தற்செயல் ஒன்று. மின்சார உதவியுள்ள சைக்கிளை ஐரோப்பாவில் சட்டப்படி சைக்கிளாகக் கருத வேண்டுமென்றால், மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் உதவுவதை நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போவதெல்லாம் காலின் பலம். இல்லிச் போட்ட கோட்டிலேயே சட்டமும் வந்து நிற்கிறது.

ஆக, 'வண்டி வராத சாலை' என்ற ஆசையை நியாயமான முறையில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. 'மற்றவர்கள் வேண்டாம்' என்று சொல்லாமல், 'யாரும் வரலாம், இந்த வேகத்துக்கு மேல், இந்த எடைக்கு மேல் வேண்டாம்' என்று சொல்வது. முதலாவது மனிதர்களை ஒதுக்குவது. இரண்டாவது எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து, ஒரே அளவில் போடுகிற கட்டுப்பாடு. என்னிடம் கார் இருந்தாலும் நானும் இறங்கித்தான் நடக்கணும்.

*

இதோடு முடித்துக்கொண்டால் கட்டுரை சுகமாக முடியும். ஆனால் காட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினாலே இந்தச் சுகம் கலைந்துவிடும். முன்னால் வயதான தம்பதி நடந்து போகிறார்கள். இறக்கத்தில் முப்பது, முப்பத்தைந்தில் வருகிறேன். மணி அடிக்கிறேன். அந்த அம்மா சட்டென்று திரும்பி, கணவரின் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுக்கிறார். தார்ச் சாலையில் லாரி வரும்போது நான் செய்வது அதே அசைவுதான். அந்த நொடியில் அவருடைய அமைதியான சாலையில் நான்தான் டிராஃபிக்.

'வண்டி' என்பது எப்போதும் நம்மைவிட ஒரு படி வேகமானவர்களுக்கு நாம் வைக்கிற பெயர். நடப்பவருக்குச் சைக்கிள், சைக்கிளுக்குக் கார். மலை உச்சியை ஒட்டிப் போகும் கருங்காட்டு நெடுஞ்சாலையில் கார்காரருக்கு, ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக உறுமிக்கொண்டு வரும் மோட்டார் பைக்.

இந்தச் சண்டை சைக்கிளின் வயதுக்குச் சமம். இரண்டு சக்கர வண்டியைக் கண்டுபிடித்த கார்ல் ட்ரைஸ் இதே பாடன் நாட்டுக்காரர், அதுவும் வனத்துறை அதிகாரி. பெடல் இல்லாத, தரையைக் காலால் உந்தி ஓட்டுகிற தன் மர வண்டியை 1817 ஜூன் 12 அன்று மன்ஹைமிலிருந்து ஓட்டிக் காட்டினார். அதே வருடம் டிசம்பரிலேயே மன்ஹைம் நகரம் நடைபாதையில் அதை ஓட்டத் தடை போட்டது. முதல் சைக்கிளுக்கும் முதல் சைக்கிள் தடைக்கும் நடுவில் ஆறே மாதம்!

பாடன்-வுர்ட்டம்பெர்க் இன்று வைத்திருக்கும் தீர்வு 'இரண்டு மீட்டர் விதி'. இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. அது நடப்பவர்களுக்கு. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதன் மேல் தீராத கோபம். அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் அந்த ஒல்லிப் பாதைதான். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருக்கிறது: பாதையின் அகலம் ஒருவனுடைய மரியாதையை அளக்குமா? ஆளே இல்லாத செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றரை மீட்டர் பாதையில் மெதுவாகப் போகிறவன் குற்றவாளி, கூட்டமான ஞாயிற்றுக்கிழமை நான்கு மீட்டர் பாதையில் பறக்கிறவன் யோக்கியனா? அளக்க முடிந்ததைத்தான் சட்டம் அளக்கும். மிச்சத்தை நாம்தான் அளந்துகொள்ள வேண்டும்.

மனிதர்களோடாவது பேசலாம். ஆவர்ஹூன் என்ற பறவையோடு எப்படிப் பேசுவது? வான்கோழி அளவுக்கு வளரும் காட்டுக்கோழி இனம். கருங்காட்டில் 1970களின் தொடக்கத்தில் ஐந்நூறுக்கும் மேல் சேவல்களை எண்ணினார்கள். இப்போது நூறை ஒட்டி வந்துவிட்டது. காடு அடர்ந்துபோனது, தட்பவெப்பம் மாறியது, வேட்டையாடும் விலங்குகள் பெருகியது என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று மனிதர்களின் தொந்தரவு. குளிர்காலத்தில் அது ஊசியிலையைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தில்லாத தீனியில் திரும்பத் திரும்ப விரட்டப்பட்டுப் பறப்பது அதற்குக் கட்டுப்படியாகாத செலவு. எஞ்சின் இல்லாத சைக்கிள் சத்தமில்லாமல் வருகிறது என்று நாம் பெருமைப்படுகிறோம். சத்தமில்லாமல் திடீரென்று வருவதை அந்தப் பறவை எப்படி எடுத்துக்கொள்ளும்?

என் தொழில் மென்பொருள் என்பதால் இந்தக் கேள்வியின் இன்னொரு முனை என்னைத் தனியாகக் குத்துகிறது. திறந்த வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு காட்டுச் சாலைக்கும் தரவு உண்டு. தரை எவ்வளவு இறுக்கம் என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம், அகலம், மோட்டார் வண்டிக்கு அனுமதி உண்டா என்ற குறிப்பு. இதை வைத்துத்தான் செயலிகள் 'கிராவல், கார் இல்லாத வழி' என்று நமக்கு ரூட் போட்டுத் தருகின்றன. தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் நடந்து நடந்து சேர்த்த அற்புதமான பொதுச் சொத்து அது. ஆனால் 'மோட்டாருக்கு அனுமதி இல்லை' என்று எழுத ஓர் இடம் இருக்கிற அளவுக்கு, 'இங்கே பிப்ரவரியில் போகாதே, கோழி உட்கார்ந்திருக்கும்' என்பது ரூட் போடும் கணக்கில் சுலபமாக ஏறுவதில்லை. ஸ்ட்ராவாவின் வெப்ப வரைபடம் 2017இல் புதுப்பித்து வந்தபோது பாலைவனத்து ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள்கூட அதில் ஒளிர்ந்ததைப் படித்திருப்பீர்கள். காட்டிலும் அதேதான். ஒருவன் போன கோடு இன்னொருவனை அழைக்கும், இருவர் போன கோடு நூறு பேரை அழைக்கும்.

"மச்சி, அந்த ரூட்டை அனுப்புடா" என்று நண்பன் கேட்கிறான். என்ன செய்வது? அனுப்பினால் அந்தச் சாலையின் அமைதி கொஞ்சம் தேயும். அனுப்பாவிட்டால் நான் அந்த விளம்பரப் படத்தின் ஒற்றை ஆள் ஆகிவிடுகிறேன். பொருளாதார அறிஞர் ஃப்ரெட் ஹிர்ஷ் 1976இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். சில பொருள்களின் மதிப்பே மற்றவர்களிடம் அது இல்லாததில் இருக்கிறது. கூட்டத்தில் ஒருவன் குதிகாலை உயர்த்தினால் நன்றாகத் தெரியும். எல்லாரும் உயர்த்தினால் யாருக்கும் கூடுதலாக ஒன்றும் தெரியாது, கால் வலிதான் மிச்சம். ஆளில்லாத சாலை அப்படிப்பட்ட பொருள்.

நான் அனுப்புகிறேன். ஏனென்றால் அந்த ரூட்டை எனக்குக் கொடுத்ததே முகம் தெரியாத யாரோ. வாங்கிய இடத்தில் வாங்கிக்கொண்டு, கொடுக்க வேண்டிய இடத்தில் 'காட்டைக் காப்பாற்றுகிறேன்' என்று சொல்வது கஞ்சத்தனத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடிப்பது. ஆனால் ரூட்டோடு சேர்த்து மற்றதையும் அனுப்புகிறேன்: ரயிலில் வா, காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வராதே, குளிர்காலத்தில் மேல் பாதி வேண்டாம், இருட்டிய பிறகு ஓட்டாதே, நடப்பவர்களைக் கண்டால் அவர்கள் வேகத்துக்கு வா.

*

இந்தக் காட்டிலிருந்து நம்மூர் மலைக்கு நேரான கோடு ஒன்று ஓடுகிறது. இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஒரு ஜெர்மானியர். பான் நகரில் 1824இல் பிறந்த தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ். 1864இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வனத்துறை அவர் தலைமையில் தொடங்கியது. மரத்தை எண்ணு, வயதைக் கணக்கிடு, வளர்கிற அளவுக்கு மட்டும் வெட்டு என்ற ஜெர்மன் வன அறிவியல் அவரோடும் அவருக்குப் பின் வந்தவர்களோடும் இங்கே வந்தது. 1882 சென்னை வனச் சட்டத்தின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

அறிவியல் ஒன்றுதான். கதவு வேறு. அங்கே அந்த அறிவியல் வளர்ந்த காட்டில் இன்று யாரும் நுழையலாம். இங்கே 'காப்புக்காடு' என்று அறிவித்த பிறகு அனுமதியில்லாமல் உள்ளே கால் வைப்பதே குற்றம். அதற்கு முந்தைய நாள்வரை விறகும் தேனும் கிழங்கும் எடுத்துக்கொண்டிருந்தவர் மறுநாள் அத்துமீறியவர் ஆனார். பிராண்டிஸ் மேல் மட்டும் பழியைப் போடுவது நியாயமாகாது. கிராமங்களுக்கென்று தனிக் காடு ஒதுக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். அரசே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றவர்கள் ஜெயித்தார்கள். அந்த அநியாயத்தைச் சட்டம் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் நீலகிரியையும் சத்தியமங்கலத்தையும் ஜெர்மனி மாதிரி திறந்துவிட்டால் கிராவல் ஓட்டலாமே என்று யாராவது கேட்பார்கள். என் பதில், வேண்டாம். கருங்காட்டில் யானை இல்லை. அங்கே நூறு கோழிகளைப் பற்றித்தான் கவலை. இங்கே யானையின் தடத்தில் காலை ஆறு மணிக்குச் சத்தமில்லாமல் சைக்கிளில் வருகிறவன் தனக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து. அதோடு, யுகயுகமாக அங்கே இருந்தவர்களின் உரிமைப் பட்டா மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும்போது, வார இறுதிக்கு வருகிறவனுக்குப் பாதை திறப்பது வரிசையைத் தலைகீழாக்குவது.

ஆனால் எஞ்சினுக்குக் கதவு போடுகிற அந்தக் கொள்கை இங்கேயும் பேச வேண்டியதுதான். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை வந்தது. வண்டியில் அடிபட்டுச் சாகிற விலங்குகளுக்காக வந்த தடை. நாம் கொண்டாடினோம். தாளவாடி மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அவர்களுடைய காய்கறியும் பாலும் ஆஸ்பத்திரியும் அந்த வளைவுகளுக்குக் கீழேதான் இருக்கின்றன. பிறகு உள்ளூர்க்காரர்களுக்கு விலக்குகள் வந்தன. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு 'ராத்திரி ஒரு வண்டியும் போகக் கூடாது' என்று சொல்வது சுலபம். அதன் விலையைக் கொடுப்பது தாளவாடியில் பிரசவ வலி எடுத்த பெண். கருங்காட்டிலும் இதுவே நடந்தது. 2014 ஜனவரியில் சுமார் பத்தாயிரம் ஹெக்டேரில் தேசியப் பூங்கா வந்தபோது அதற்கு முன்பு சுற்றியிருந்த ஊர்களில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நகரத்துக்காரர்கள் கைதட்டினார்கள்.

2024 மே மாதம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த இ-பாஸ் முறையைப் பலர் கேலி செய்தார்கள். அதில் எனக்குப் பிடித்த ஓர் அம்சம் உண்டு. அது தனியார் வண்டியைத்தான் எண்ணுகிறது. அரசுப் பேருந்தில் ஊட்டி போகிறவருக்குப் பாஸ் வேண்டாம். மனிதருக்கு வழி விட்டு, ஆளுக்கொரு காரை மட்டும் கேள்வி கேட்கிற கதவு. அந்த ஊர்த் தடுப்புக் கம்பியின் தூரத்துச் சொந்தம்.

*

இவ்வளவுக்கும் பிறகு அந்த ஆசையைப் பற்றி என்ன சொல்வது? வண்டி வராத சாலைக்கு ஆசைப்படுவது தப்பில்லை. அந்த ஆசை இல்லாவிட்டால் எல்லா மலையும் பார்க்கிங் ஆகிவிடும். ஆனால் ஆசைப்படுகிறவன் மூன்று பேருக்குக் கடன்பட்டவன். கல்லைக் கொட்டிச் சாலை போட்டவர்களுக்கு, வண்டி இல்லாமல் வாழ்க்கை நடத்தச் சொல்லி நாம் கேட்கிற உள்ளூர்க்காரர்களுக்கு, நாம் வருவதைக் கேட்காமலே பறக்க நேர்கிற பறவைக்கு. பணமாக இந்தக் கடனை அடைக்க முடியாது. நம்மைத் தடுக்கிற விதியை நாமே ஆதரிப்பதுதான் அதற்கு ஒரே நாணயம். மற்றவர் காரைத் தடுக்கிற பலகைக்குக் கைதட்ட எவனாலும் முடியும்.

கருங்காட்டில் மரம் வெட்டுகிற நாள்களில் சாலைக்குக் குறுக்கே சிவப்பு-வெள்ளைப் பட்டை கட்டிவிடுவார்கள். அந்த நாள்களில் நுழையும் உரிமை கிடையாது. அப்பால் ரம்பச் சத்தம் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். சாப்பாட்டு நேரமாக இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள், பட்டைக்குக் கீழே குனிந்தால் பத்து நிமிடத்தில் அந்தப் பக்கம் போய்விடலாம். திரும்பிப் போனால் ஏறிவந்த ஏற்றமெல்லாம் வீண், எட்டு கிலோமீட்டர் சுற்று. சரளை வேலைக்காரர்களுடையது என்று நாலு பத்தி எழுதுவதெல்லாம் அங்கே எடுபடாது. சைக்கிளைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.